குரூஸ் கப்பல் நிற்கும் ஊரைக் குடும்பத்தோடு நாமே சுற்றிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூஸ் கப்பல் பெரும்பாலும் காலையில் ஒரு துறைமுகத்துக்கு வரும், மாலையில் கிளம்பிவிடும். இடைப்பட்ட நேரத்துக்குக் கப்பல் நிறுவனம் விதவிதமான சுற்றுலாக்களை விற்கும். அவற்றை வாங்காமல் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு நாமே இறங்கிப் போக நினைப்பவர்களுக்கு எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கப்பல் சுற்றுலாவை வாங்காமல் இறங்க விடுவார்களா?

விடுவார்கள். பெரும்பாலான துறைமுகங்களில் அறைச் சாவியாகவும் இருக்கும் அந்தக் கப்பல் அட்டையை வாசலில் காட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்கு இறங்கிப் போகலாம். அட்டையை இயந்திரத்தில் காட்டும்போதே நீங்கள் இறங்கிவிட்டது பதிவாகிவிடும், திரும்பி வரும்போது ஏறியதும் பதிவாகும். சில நாடுகளில் மட்டும் விசா விதிகளால், ஏற்பாடு செய்யப்பட்ட சுற்றுலாவில் போகிறவர்களுக்குத்தான் அனுமதி என்று இருக்கும். அதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு நாமே போவதில் கிடைக்கிற பெரிய லாபம் பணமல்ல, நினைத்த இடத்தில் நிற்க முடிவதுதான். குழந்தைக்குக் கழிப்பறை வேண்டும், பாட்டிக்குப் பத்து நிமிடம் உட்கார வேண்டும், பையன் படகுகளை விட்டு நகர மாட்டேன் என்கிறான். நாற்பது பேர் பஸ்ஸில் காத்திருக்கும்போது இதில் எதுவும் நடக்காது.

அட்டவணையில் காலை 8 முதல் மாலை 5 வரை என்று போட்டிருக்கிறது. ஒன்பது மணி நேரம் கிடைக்குமா?

கிடைக்காது. இந்தக் கணக்கைத்தான் முதலில் சரியாகப் போட வேண்டும்.

8 மணி என்பது கப்பல் கரையில் நிற்கும் நேரம். உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் இறங்க முடியும். அதற்கு அரை மணி ஆகலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் லிஃப்ட்டிலும் வாசலிலும் வரிசை நிற்கும். குழந்தைகளோடு துறைமுக வாசலைத் தாண்டும்போது மணி 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 5 என்பது கப்பல் கிளம்பும் நேரம். அனைவரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வழக்கமாக அதற்கு அரை மணி முன்னால், சில கப்பல்களில் ஒரு மணி முன்னால்கூட இருக்கும். அதாவது 4.30 அல்லது 4.

அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். ஊர் துறைமுகத்தை ஒட்டியே இருந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். ரயிலையோ நெடுஞ்சாலையையோ நம்பிப் போவதானால் இரண்டு மணி நேரம். 4.30-க்கு ஏற வேண்டியவர், ரயிலில் போயிருந்தால், 2.30-க்குக் கப்பலுக்கு வந்து சேர்கிற மாதிரி திட்டமிட வேண்டும். ரயில் பயணமே ஒன்றேகால் மணி நேரம் என்றால், ஊரை விட்டு 1.15-க்குக் கிளம்ப வேண்டும். காலையில் போய்ச் சேர்ந்ததே 10.30 ஆகியிருக்கும். ஆக, கையில் இருப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகு எங்கே போவது என்று முடிவெடுங்கள்.

கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறாக இருக்குமா?

சில இடங்களில் இருக்கும். மெக்சிகோவின் கோசுமேல் தீவு இருக்கும் கின்டானா ரூ மாநிலம் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தையே பின்பற்றுகிறது. அமெரிக்காவில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பார்கள். மயாமியில் கிளம்பிய கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமலே கோசுமேலில் நின்றால், கரையில் 3 மணி ஆகும்போது கப்பலில் 4. உங்கள் கைபேசியோ கரையில் கால் வைத்ததும் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும்.

கப்பல் உங்களைக் கப்பல் நேரப்படிதான் எதிர்பார்க்கும். இறங்கும் வாசலில் பலகையில் எழுதியிருக்கும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவராவது சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்வது நல்லது.

அட்டவணையில் 'ரோம்' என்று இருக்கிறது. கப்பல் ரோமிலேயே நிற்குமா?

ரோமுக்குக் கடல் கிடையாது. கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 70, 80 கிலோமீட்டர். 'ஃபுளோரன்ஸ்' என்றால் லிவோர்னோவில் இறங்கி ஒன்றரை மணி நேர ரயில். 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர். அங்கிருந்து பாரிஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். 'பெர்லின்' என்று வார்னெமுண்டேயில் இறக்குவார்கள், ஒரு வழிக்கே மூன்று மணி நேரம் ஆகும். 'பாங்காக்' என்பது பல கப்பல்களுக்கு லேம் சாபாங். 'வெனிஸ்' என்று வாங்கும்போதும் கவனம் தேவை. 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் நகரத்தின் நடுவே போகும் ஜியுடெக்கா கால்வாயில் நுழையக் கூடாது. அதனால் மார்கெராவிலோ, ராவென்னா, ட்ரியெஸ்ட் போன்ற வேறு ஊர்களிலோ நிற்கின்றன.

அதனால் பயணச்சீட்டு வாங்கும் முன்பே துறைமுகத்தின் பெயரையும் கப்பல் நிற்கும் துறையின் பெயரையும் கேட்டு வரைபடத்தில் பாருங்கள். ஒரே ஊரிலேயே இரண்டு மூன்று துறைகள் இருப்பதுண்டு. லிவோர்னோ மாதிரி சரக்குத் துறைமுகங்களுக்குள் நடக்கவே விட மாட்டார்கள். ஊர் மையம் வரை ஷட்டில் பஸ் பிடித்தாக வேண்டும்.

சிறு குழந்தைகளோடு சிவிடவெக்கியாவிலிருந்து ரோமுக்குப் போய் வரலாமா?

போய் வரலாம், ரயில் இருக்கிறது. ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் என் பதில் 'வேண்டாம்'. மேலே போட்ட கணக்குப்படி ரோமில் கிடைப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அதில் பாதி வரிசையில் போய்விடும். கொலோசியத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவதுதான் மிஞ்சும். பெரிய பிள்ளைகள் என்றால் சான் பியத்ரோ ஸ்டேஷனில் இறங்கி வத்திக்கான் சதுக்கம், அதைச் சுற்றியுள்ள பகுதி என்று ஒரே இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். முன்கூட்டியே தேதி அறிவிப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ரயிலுக்கான காகிதச் சீட்டை ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும்.

எந்த மாதிரித் துறைமுகங்களில் நாமே போவது சுலபம்?

இறங்கியதும் ஊர் தொடங்கிவிடுகிற இடங்களில். மால்டாவின் வல்லெட்டா அப்படி ஒன்று. கப்பல் நிற்பது கோட்டைச் சுவரின் அடிவாரத்தில். நகரம் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. கீழிருந்து பார்க்கும்போது இவ்வளவு மேட்டில் தள்ளுவண்டியை எப்படி ஏற்றுவது என்று மலைப்பாக இருக்கும். கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு லிஃப்ட் இருக்கிறது. 1905-இல் கட்டி 1973 வரை ஓடிய பழைய லிஃப்ட்டின் இடத்தில் 2012-இல் புதிதாக எழுப்பியது இது. 58 மீட்டர் உயரத்தை அரை நிமிடத்துக்குள் ஏறி, நேராக மேல் பரக்கா தோட்டத்தில் கொண்டுபோய் விடும். அங்கே நிழல், உட்கார இருக்கைகள், கீழே துறைமுகம் முழுவதும், நடுவில் நம் கப்பல். தோட்டத்துக்குக் கீழ்த்தளத்தில் வரிசையாகப் பீரங்கிகள் நிற்கும். நண்பகல் 12-க்கு ஒன்றை வெடிப்பார்கள். குழந்தைகள் இருந்தால் அந்த நேரத்தை ஒட்டியே நாளைத் திட்டமிடலாம். சின்னக் குழந்தை என்றால் சத்தத்துக்கு முன்பே காதைப் பொத்திவிடுங்கள்.

இத்தாலியின் நேப்பிள்ஸிலும் அப்படித்தான். முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே காஸ்டெல் நுவோவோ கோட்டை. அங்கிருந்து, வெசுவியஸ் எரிமலை வெடிப்பில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பாம்பேய்க்குப் போகத்தான் எல்லோரும் துடிப்பார்கள். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது எர்கோலானோ, அதாவது பழைய ஹெர்குலேனியம். கி.பி. 79-இல் அதே வெசுவியஸ் வெடிப்பில் புதைந்த ஊர்தான். பாம்பேய் 66 ஹெக்டேர் பரந்தது, நிழல் குறைவு, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்றே தெரியாது. ஹெர்குலேனியத்தில் தோண்டி எடுத்திருப்பது அதில் சிறு பகுதிதான். இரண்டு மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம். ஆனால் வீடுகள் மாடியோடு நிற்கின்றன. கரியாகிப்போன மர உத்தரங்களும் கதவுகளும் அப்படியே இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒருவர் திறந்து மூடிய கதவை ஒரு பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கலாம். கரிபால்டி ஸ்டேஷனிலிருந்து சர்க்கும்வெசுவியானா ரயிலில் இருபது நிமிடம், இறங்கி நேரே கீழ்நோக்கிப் பத்து நிமிட நடை. திரும்பும்போது அதே சாலை ஏற்றம் என்பதைப் பெரியவர்களுக்காக நினைவில் வையுங்கள். அந்த ரயிலில் கூட்டம் இருக்கும், பிக்பாக்கெட்டும் உண்டு. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து மெட்ரோ இருக்கிறது. நகர மையத்தில் உள்ள மொனாஸ்டிராகி அரை மணிக்குள் வந்துவிடும். ஆனால் முனையத்திலிருந்து மெட்ரோ நிலையம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

எப்போது கப்பல் சுற்றுலாவையே வாங்குவது நல்லது?

பார்க்க வேண்டிய இடம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கும்போது. லெ ஆவ்ரிலிருந்து பாரிஸ், அலெக்சாண்ட்ரியாவிலிருந்து கெய்ரோ பிரமிடுகள் எல்லாம் அந்த வகை. கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சக்கர நாற்காலி ஏற்றும் பஸ் தேவைப்படும்போதும் முதலில் கப்பலில்தான் விசாரிக்க வேண்டும்.

டெண்டர் துறைமுகம் என்றால் என்ன?

கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கரை சேர்க்கும் இடம். அந்தப் படகுக்கு டெண்டர் என்று பெயர். கப்பல் சுற்றுலா வாங்கியவர்களை முதலில் அனுப்புவார்கள். மற்றவர்கள் எண் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். இறங்க ஒரு மணி, திரும்ப ஒரு மணி கூடுதலாக வையுங்கள். கடைசிப் படகு எப்போது என்பதைத்தான் பார்க்க வேண்டும், கப்பல் கிளம்பும் நேரத்தை அல்ல.

கிரீஸின் சாண்டொரினி இதில் கடினமானது. படகு இறக்கிவிடும் பழைய துறைமுகம் செங்குத்தான பாறையின் அடியில். மேலே ஃபிரா ஊர். ஏறுவதற்கு ஏறத்தாழ 590 படிகள் அல்லது கேபிள் கார். மாலையில் இரண்டு மூன்று கப்பல்களின் பயணிகள் ஒன்றாகக் கீழே இறங்கப் பார்ப்பார்கள். கேபிள் கார் வரிசை தெருவைத் தாண்டி நீளும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் படிகளில் இறங்குவது ஆபத்து. மதியமே இறங்கிவிடுங்கள்.

கடல் கொந்தளித்தால் டெண்டர் ஓடாது. சக்கர நாற்காலியைப் படகில் ஏற்றுவதும் அன்றைய கடலைப் பொறுத்துத்தான் முடிவாகும்.

தாத்தா பாட்டியையும் அழைத்துப் போகிறோம். எல்லோரும் சேர்ந்தே சுற்ற வேண்டுமா?

தேவையில்லை. அவர்களில் மெதுவாக நடக்கிறவர் எவ்வளவு தூரம் சிரமமில்லாமல் போவாரோ, அதுதான் குடும்பம் சேர்ந்து போகிற எல்லை. அதற்குமேல் போக ஆசைப்படுகிறவர்கள் பிரிந்து போகட்டும். குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரச் சுவர் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுற்று, எங்கு பார்த்தாலும் படி, ஒரே திசையில்தான் நடக்க விடுவார்கள். இளையவர்கள் அதில் ஏறட்டும், பெரியவர்கள் கீழே ஸ்ட்ராடுன் தெருவில் உட்காரட்டும். அந்தத் தெருவின் கல் நடந்து நடந்து வழவழப்பாகியிருக்கிறது. மழை பெய்தால் கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள்.

கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்று பெரியவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். பலரும் இறங்கிப்போன கப்பலில் ஓய்வாக இருப்பதும் நல்ல நாள்தான்.

குழந்தை தொலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

காலையில் இறங்கும் முன் அன்றைய உடையோடு ஒரு படம் எடுங்கள். கப்பல் பெயர், துறையின் பெயர், உங்கள் எண் மூன்றையும் தாளில் எழுதிக் குழந்தையின் பையில் வையுங்கள். எந்த ஊரிலும் இறங்கியதும் எல்லோருக்கும் தெரியும்படி ஓர் இடத்தைக் காட்டி, 'தொலைந்தால் இங்கே வந்து நில்' என்று சொல்லுங்கள். தனியாகப் பிரிந்தால் எங்கேயும் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சின்னக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

என்னென்ன ஆவணம் கையில் இருக்க வேண்டும்?

கப்பல் அட்டை, படத்தோடு கூடிய அடையாள அட்டை. கடவுச்சீட்டு தேவையா என்பதை முந்தின நாள் அறைக்கு வரும் செய்தித்தாளிலோ கப்பலின் செயலியிலோ சொல்வார்கள். தேவையில்லை என்றால் அறைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு நகலை எடுத்துச் செல்லுங்கள்.

விசா விஷயத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. மத்தியதரைக் கடல் பயணத்தில் இத்தாலி, கிரீஸ், மால்டா, குரோஷியா நான்கும் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்புக்குள், வருகின்றன. குரோஷியா 2023 ஜனவரி 1-இல்தான் சேர்ந்தது. துருக்கியின் குஷாதாசியும் மாண்டினீக்ரோவின் கோட்டோரும் வெளியே. அங்கே போய்விட்டு மறுபடி கிரீஸுக்கோ இத்தாலிக்கோ வந்தால் அது இரண்டாவது நுழைவு. ஷெங்கன் விசா தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பலமுறை நுழையும் விசாவாகவே கேட்டு வாங்குங்கள்.

கைபேசியை எப்படிப் பயன்படுத்துவது?

கப்பலில் இருக்கும்வரை விமானப் பயன்முறையில் வையுங்கள். இல்லையென்றால் கப்பலின் செயற்கைக்கோள் வலைப்பின்னலோடு இணைந்து ரோமிங் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஊர் வரைபடத்தை முந்தின இரவே ஆஃப்லைனில் பதிவிறக்கி, கப்பல் நிற்கும் துறையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டாக்சி பிடிக்கும்போது?

துறைமுக வாசலைத் தாண்டி வெளியே வந்து பிடியுங்கள். அதிகாரப்பூர்வக் கட்டணப் பலகை இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். சொல்லும் தொகை வண்டிக்கா ஆளுக்கா, ஒரு வழிக்கா இரு வழிக்கா என்று ஏறும் முன்பே கேளுங்கள். நாள் முழுக்கப் பேசியிருந்தால் கப்பலுக்குத் திரும்பிய பிறகு பணம் கொடுங்கள். குழந்தை இருக்கை எல்லா டாக்சியிலும் இருக்காது.

ஒரே நாளில் பல கப்பல்கள் வந்தால்?

முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். பல துறைமுகங்கள் எந்த நாளில் எந்தக் கப்பல் வருகிறது என்ற பட்டியலைத் தங்கள் தளத்திலேயே வெளியிடுகின்றன. சில ஊர்கள் வரம்பும் வைத்திருக்கின்றன. அலாஸ்காவின் ஜூனோ 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று நிறுத்திக்கொண்டது. கூட்ட நாளில் புகழ்பெற்ற இடத்துக்கு முதல் ஆளாகப் போங்கள், அல்லது மதிய உணவு நேரத்தில் போங்கள்.

கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

கப்பல் போய்விடும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலாவுக்குப் போன எட்டுப் பயணிகள் தாமதமாக வந்தார்கள். கப்பல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றும் அவர்களால் ஏற முடியவில்லை. அடுத்த துறைமுகமான காம்பியாவுக்குப் பறந்து போனார்கள். நீர்மட்டம் சரியில்லாமல் கப்பல் அங்கே நிற்கவே இல்லை. கடைசியில் செனகலில் போய்ப் பிடித்தார்கள்.

கப்பல் கிளம்பும் முன், வராதவர்களின் அறைப் பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டு இருந்தால் எடுத்து, துறைமுக முகவரிடம் ஒப்படைப்பது வழக்கம். இந்த முகவர் அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் ஆள். அவருடைய எண் தினசரிச் செய்தித்தாளில் இருக்கும். இறங்கும் முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள், தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த உடனே அவரைக் கூப்பிடுங்கள். அடுத்த துறைமுகம் வரைக்குமான செலவு உங்களுடையது. அன்றாட மருந்துகளை ஒரு நாளுக்குக் கூடுதலாகக் கையில் எடுத்துச் செல்லச் சொல்வது இதற்காகத்தான்.

அமெரிக்கத் துறைமுகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் செல்வதை 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. அதனால் வேறு ஊரில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று நீங்களே முடிவு செய்யாமல் முகவரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

கப்பல் அந்த ஊரில் நிற்காமலே போய்விட்டால்?

காற்றும் அலையும் பலமாக இருந்தால் கேப்டன் துறைமுகத்தைத் தவிர்ப்பார். கப்பலிடம் வாங்கிய சுற்றுலாப் பணத்தைத் திருப்பித் தருவார்கள். நீங்களே வாங்கிய ரயில், அருங்காட்சியகச் சீட்டுகளுக்கு அந்த வசதி கிடையாது. ரத்து செய்யக்கூடிய சீட்டுகளாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்தினால் 'கப்பல் வராவிட்டால் கட்டணம் இல்லை' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துறைமுக ஊர்களில் வேலை செய்யும் பலர் அதற்குச் சம்மதிப்பார்கள். டெண்டர் துறைமுகமாக இருந்தால், முன்பணம் எதுவும் கட்டாமல், இறங்கிய பிறகு முடிவெடுப்பதே நல்லது.